மூன்றாம் நாள் சரிவு

லோஜன் பேசவேண்டிய உரையை மதுரா பேசுவாள் என்று பௌதிகவியல் துறையில் முடிவெடுத்தபோது அவளை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பாள். அது தெரிந்துதான் கேட்காமல் விட்டார்களோ என்னவோ, நேரே அறிவித்தல் பலகையில் நிகழ்ச்சிநிரலை ஒட்டிவிட்டார்கள். கடைசி வரியில் ‘அமரர் க. லோஜன், வழங்குபவர் மதுரா’ என்று இருந்தது. கூடப் படித்தவனின் பேருக்கு முன்னால் அந்தச் சொல்லை அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். தகப்பனின் கோட்டைப் பிடித்துப் பிள்ளைக்குப் போட்டுவிட்ட மாதிரி, அந்த ‘அமரர்’ அவனுக்கு எந்தப் பக்கத்தாலும் அளவில்லாமல் தொங்கியது.

வருடத்தில் ஒருநாள் இறுதியாண்டுப் பிள்ளைகள் மேடையேறித் தங்கள் ஆய்வைப் பற்றிப் பேசுவது துறையின் வழக்கம். மற்ற நாளெல்லாம் இங்கிலிசில் தட்டுத்தடுமாறுகிறவர்கள் அன்றைக்கு மட்டும் தமிழில் பேசலாம். தாய்தகப்பன்மாரும் வரலாம். “உங்கடை பிள்ளை நாலு வருசமாய் என்ன படிச்சதெண்டு உங்களுக்கும் விளங்கவேணும்” என்று அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் துறையில் படிப்பிக்கிற தில்லைநாதன் சேர். விளங்குகிறதோ இல்லையோ, தாய்தகப்பன்மார் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு வந்து முன்வரிசையில் இருப்பார்கள். பிள்ளை ‘குவாண்டம்’ என்று வாயெடுத்தால், தெரிந்த தேவாரம் கேட்டதுபோலத் தலையை ஆட்டுவார்கள். அந்தத் தலையாட்டலுக்காகவே பிள்ளைகள் பாடுபடுவார்கள்.

லோஜன் பண்டத்தரிப்புப் பொடியன். தகப்பன் கனகலிங்கம் தோட்டத்தில் வெங்காயம் வைக்கிறவர். வீட்டில் தன் அறைக்குள் ஒரு துணிக்கை எண்ணியைக் கட்டி வைத்திருந்தான் லோஜன். வானத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகள் இரவுபகலாக நம் தலையிலும் கூரையிலும் பொழிந்துகொண்டே இருக்கின்றன. குடை பிடித்துத் தப்ப முடியாத மழை அது. அந்த மழையின் துளிகளை எண்ணுகிற பெட்டிதான் அவனுடைய ஆய்வு. கட்டுவதற்கு மதுராவும் கூட நின்றாள். பெட்டியைச் சுற்றி ஈயத்தகடு அடிக்கவேண்டும், கடையில் விலை கேட்டால் தலை சுற்றுகிறது என்று அவன் முழித்துக்கொண்டு நின்றபோது, காங்கேசன்துறையில் கடற்றொழில் செய்கிற அவளுடைய அப்பா, வலையில் கட்டுகிற பழைய ஈயக்குண்டுகளை ஒரு சாக்கு நிறையக் கொடுத்துவிட்டார். அதை உருக்கித் தட்டியதில் இரண்டு பேருக்கும் கை சுட்டது. சுட்ட கையை ஊதிக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் அவளுக்கு நினைவிருக்கிறது.

பெட்டி சொன்னபடி வேலை செய்தது. தானே எண்ணி, தானே லப்ரொப்பில் கோடு கீறும். பகல் வெக்கைக்கு மட்டும் அது கிறுக்குப் பண்ணும். அதனால் இரவுச் சாப்பாடு முடிந்து அதைப் போட்டுவிட்டு, காலையில் பல்கலைக்கழகத்துக்கு வெளிக்கிடும்போது நிற்பாட்டுவான். தை மாதம் தொடங்கினான். மாசி நடுவில் ஒருநாள், கன்ரீனில் அவள் தேத்தண்ணீரை வாயில் வைக்கவும் விடாமல் வந்து நின்றான்.

“மதுரா, மூண்டு நாளைக்கு ஒருக்கா விடியப்புறம் கோடு சரியுது. தவறாமல் சரியுது. பேந்து நிமிருது.”

“பெட்டியிலை பிழை இருக்கும்.”

“பிழையெண்டா மூண்டு நாளைக்கு ஒருக்காத்தான் வருமே? பிழைக்கும் கலண்டர் தெரியுமே?”

சந்திரனைப் பார்த்தான், சூரியனைப் பார்த்தான், கடல் வற்றுப்பெருக்கைப் பார்த்தான். மூன்று நாளைக்கு ஒருமுறை என்று வானத்தில் ஒன்றும் சுற்றவில்லை. நடுவில் ஒரு கிழமை, ஏழு நாளும் பருவம் தப்பிய மழை கொட்டியது. அந்தக் கிழமை முழுக்கச் சரிவே இல்லை. அதோடு அவனுக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான். காற்றின் ஈரத்துக்கும் இதற்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது, இதை இன்னும் ஒருத்தரும் காணவில்லை என்று நித்திரையிலும் புலம்பியிருப்பான். தில்லைநாதன் சேர் மட்டும், “உம்மடை வீட்டு மின்சாரத்தை ஒருக்கா அளந்து பாரும்” என்றார். அளந்தான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து அளந்தான். எல்லாம் சரியாகவே இருந்தது. விடியப்புறம் எழும்பி அளந்திருக்கலாம். ஆனால் லோஜனை விடியப்புறம் எழுப்ப, அந்த வானத்துத் துணிக்கைகள் எல்லாம் ஒன்றாய் விழுந்தாலும் ஏலாது.

பெட்டியைத் துறைக்குக் கொண்டுவந்து இங்கும் சரிகிறதா என்று பார்ப்போம் என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள். அதற்குள் பங்குனிக் கடைசியில், மானிப்பாய் வீதியில், அவனுடைய மோட்டார்சைக்கிளை மண் ஏற்றுகிற ஒரு ரிப்பர் லொறி அடித்தது. அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது என்றார்கள். அதைப்பற்றி மேற்கொண்டு சொல்ல மனமில்லை.

மதுராவுக்கு அவனில் விருப்பம் இருந்தது. அவனிடம் சொல்லவில்லை. உரை முடியட்டும், பிறகு சொல்லுவோம் என்று வைத்திருந்தாள். இப்போது அவனுடைய உரை மட்டும் அவள் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து சில நாள் கழித்து, உரைக்கு வேண்டிய கணக்குகளை எடுப்பதற்காக ஸ்கூட்டியில் பண்டத்தரிப்புக்குப் போனாள். கனகலிங்கம் விறாந்தையில் சும்மா இருந்தார். முகம் நிறையத் தாடி. சாதாரணமாக அந்த நேரம் தோட்டத்தில் நிற்கிற மனிதர். எட்டு முடிந்தால் மற்ற ஆம்பிளைகள் தங்கள் வேலையைப் பார்க்க இறங்கிவிடுவார்கள். அவர் இறங்கவில்லை. அக்கம்பக்கத்தார் வெங்காயத்துக்குத் தண்ணீர் விடுகிறோம் என்று கேட்டதற்கும், வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டாராம்.

“வாங்கோ பிள்ளை. நானே உங்களிட்டை வரவேணுமெண்டு இருந்தனான்” என்றார். பக்கத்தில் அச்சகத்திலிருந்து வந்த தாள்கள் கிடந்தன. கல்வெட்டுக்கானவை.

முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டி அன்றைக்கு இறந்தவரின் படம், தேவாரம், திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு எல்லாம் போட்டு ஒரு சின்னப் புத்தகம் அடித்து, வருகிற சனத்துக்குக் கொடுப்பது ஊர் வழக்கம். அதற்குப் பேர் கல்வெட்டு. எண்பது வயதில் போனவர் என்றால் வரலாறு தானாக நீளும். எங்கே உத்தியோகம் பார்த்தார், எந்தக் கோயிலுக்கு என்ன செய்தார், எந்தப் பிள்ளை எந்த நாட்டில் என்று பக்கம் பக்கமாக ஓடும். லோஜனுக்கு என்ன எழுதுவது? பிறந்தான், படித்தான் என்று எழுதி முடிக்க அரைப்பக்கம் கூட நிரம்பவில்லை. மிச்சம் வெள்ளையாகக் கிடந்தது.

“அவன் வானத்திலை என்னவோ கண்டுபிடிச்சவனாமே. அதை எனக்கும் சனத்துக்கும் விளங்கிற மாதிரி ஒரு பக்கம் எழுதித் தாங்கோ. அச்சுக்காரனிட்டை இடம் விடச் சொல்லிப்போட்டன். உங்கடை கூட்டத்துக்கும் வாறன். நீங்கள் சொல்லுறதைக் கேட்டு, சரியெண்டா அப்பிடியே அடிப்பம்.”

“உங்களுக்கு லோஜன் சொன்னவனோ ஐயா?”

“தாய் சொன்னவ” என்றார். தாள்களை அடுக்கிக்கொண்டே, “என்னோடை அவன் கதைக்கிறேல்லை” என்றார்.

அது மதுராவுக்கும் தெரிந்த கதைதான். கனடாவிலிருக்கிற மாமியிடம் போய் ஆளாகு என்று தகப்பன் எல்லா ஒழுங்கும் செய்ய, நான் பௌதிகம் படிக்கப்போகிறேன் என்று மகன் நிற்க, ஒருநாள் இரண்டு பேரும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு நேருக்கு நேர் பேச்சில்லை. நடுவில் தாய் கனகாம்பிகைதான் தபால்காரி. “சாப்பிட்டிட்டானோ எண்டு கேள்” என்று தகப்பன் விறாந்தையிலிருந்து சொல்வார். “சாப்பிட்டிட்டன் எண்டு சொல்லுங்கோ” என்று மகன் குசினியிலிருந்து சொல்வான். இரண்டு பேருக்கும் இரண்டு பேரின் குரலும் நன்றாகக் கேட்கும். ஆனாலும் கனகாம்பிகை இரண்டு பக்கமும் நடந்துபோய்ச் சொல்லத்தான் வேண்டும். லோஜன் அதை நடித்துக் காட்டி வகுப்பையே சிரிக்க வைப்பான். வீம்புக்கு மருந்தில்லை என்று அப்போது எல்லோரும் சிரித்தார்கள், மதுராவுந்தான்.

கனகலிங்கம் அச்சகத்துக்குப் போகவேண்டும் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கனகாம்பிகை அவளை லோஜனின் அறைக்குக் கூட்டிப்போனாள். பெட்டியின் சின்னப் பச்சை வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது.

“அண்டைக்கு அவசரத்திலை நிப்பாட்டாமல் போயிட்டான். அவன் போட்டுவிட்டுப் போனதை நான் எப்பிடிப் பிள்ளை நிப்பாட்டிறது? ஓடட்டும் எண்டு விட்டிட்டன்.”

மதுரா லப்ரொப்பைத் திறந்து கோட்டைப் பார்த்தாள். தையிலிருந்து பங்குனி வரைக்கும் அந்தச் சரிவுகள் ஒழுங்காக வந்திருந்தன. லோஜன் இறந்த நாளுக்குப் பிறகு ஒரு சரிவும் இல்லை. பகல் வெக்கையின் சின்னக் கிறுக்கல்களைத் தவிர, விடியற்புறங்கள் எல்லாம் மட்டமாகக் கிடந்தன.

“என்ன பிள்ளை, என்ன காட்டுது?”

“அவன் கண்டுபிடிச்சது இப்ப இல்லை அம்மா. அவன் போன நாளிலையிருந்து வரேல்லை.”

கனகாம்பிகை சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். “பாத்தியே, அதுக்கும் தெரிஞ்சிருக்குது” என்றாள். நாலு வருடம் பௌதிகம் படித்தவள்தான் மதுரா. ஆனாலும் அந்த நிமிடம் அவளும் அதை நம்பினாள். அவனுக்காக வானமே ஒரு வேலையை விட்டுவிட்டது என்று நினைக்க எவ்வளவு ஆறுதலாக இருந்தது! அந்த நிமிடத்தோடு அவள் எழும்பி வந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது.

வரவில்லை. தாய் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். பிறகு, துக்க வீட்டில் கதைக்கிறவர்கள் எதையாவது கதைப்பதுபோல, தன் நித்திரையைப் பற்றிக் கதைத்தாள்.

“கண் மூடினாலும் விடியப்புறம் முழிப்பு வந்திடுது பிள்ளை. மோட்டர்ச் சத்தத்துக்கு எழும்பிப் பழகின உடம்பு. அவர் மூண்டு நாளைக்கு ஒருக்கா வெங்காயத்துக்கு இறைக்கப் போடுவார். அந்தச் சத்தத்தோடை நான் எழும்பி அடுப்பு மூட்டுவன். இப்ப சத்தமும் இல்லை, நித்திரையும் இல்லை.”

மதுராவின் கையில் கோப்பை அப்படியே நின்றது.

“மழை நாளிலையும் இறைப்பாரோ அம்மா?”

“மழை பெய்ஞ்சால் ஆர் பிள்ளை இறைக்கிறது?” கடற்கரைப் பிள்ளைக்குத் தோட்டம் தெரியாது என்று அந்தத் துக்கத்திலும் கனகாம்பிகைக்கு ஒரு சின்னச் சிரிப்பு வந்தது.

“மோட்டருக்குக் கரண்ட் எங்கையிருந்து?”

“இஞ்சையிருந்துதான். அவன்ரை அறைச் சுவரோடை வயர் இழுத்திருக்குது.”

“ஒருக்கா மோட்டரைப் போட்டுப் பாக்கட்டோ?”

ஏன் என்று தாய் கேட்கவில்லை. பின்வளவால் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள். வெங்காயத் தாள் எல்லாம் மஞ்சளித்துச் சாய்ந்துபோய்க் கிடந்தது. மோட்டர் ஒருமுறை உறுமிவிட்டு ஓடத் தொடங்கியது. காய்ந்த வாய்க்காலில் தண்ணீர் புழுதியைத் தள்ளிக்கொண்டு போனது. கொஞ்சநேரம் ஓடவிட்டுவிட்டு மதுரா அறைக்குத் திரும்பி வந்து பார்த்தாள். கோடு சரிந்திருந்தது. அதே அளவு, அதே சாய்வு. மோட்டர் கரண்டை இழுக்க, பெட்டிக்கு வருகிற மின் குறைய, பெட்டி எண்ணுவதில் கொஞ்சத்தைத் தவறவிடுகிறது. அவ்வளவுதான் விசயம். வானத்தில் ஒன்றும் நடக்கவில்லை. வளவுக்குள் ஒருவர் வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டிருக்கிறார்.

“என்ன பிள்ளை?” என்று தாய் வாசலில் நின்று கேட்டாள்.

“ஒண்டுமில்லை அம்மா” என்று சொல்லிவிட்டு வந்து ஸ்கூட்டியை எடுத்தாள். வழி முழுக்க அழுதாள். இறந்தவனை நினைத்து அழுதது பாதி. அவனுடைய கண்டுபிடிப்பும் அவனுக்குப் பின்னால் போய்விட்டதே என்று அழுதது மீதி.

அடுத்த நாள் துறையில் சப்னாவிடம் மட்டும் சொன்னாள். சப்னா, முஸ்லிம்கள் வாழ்கிற சோனகதெருப் பிள்ளை. புத்தளத்தில் வளர்ந்து, இடம்பெயர்ந்திருந்த குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பி வந்தவள். எதையும் வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசுவாள்.

“மௌத்தான பொடியனைத் திருத்தி ஆருக்கடி லாபம்? அந்த மனுசன் மகன்ரை பேரிலை ஒரு பக்கம் கேக்குது. எழுதிக் குடு. சரிவு இருக்குது எண்டு சொல்லு, ஏனெண்டு தெரியாது எண்டு சொல்லு. அதிலை பொய் என்ன?”

“எனக்குத் தெரியுமே சப்னா.”

“தெரிஞ்சதை வயித்துக்குள்ளை வை. உண்மை உண்மை எண்டு சொல்லிச் செத்தவீட்டிலை நெருப்பு வைக்காதை.”

தில்லைநாதன் சேரிடம் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு, மறுபடி கழற்றித் துடைத்தார். “பேசப்போறது நீர். தீர்மானமும் உம்முடையது” என்றார். பெரிய மனிதர்கள் கையைக் கழுவும்போது இப்படித்தான், மிகுந்த மரியாதையோடு கழுவுவார்கள்.

அவள் தனியே இருந்து யோசித்தாள். இரண்டாம் வருடத்தில் ஊசல் பரிசோதனை. புவியீர்ப்புக்கு என்ன எண் வரவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். வராதவர்கள் அங்கே இங்கே தட்டி வரச்செய்துவிடுவார்கள். லோஜனுக்கு வந்தது பிழையான எண். அவன் அதையே எழுதிக் கொடுத்துப் புள்ளியும் குறைந்து, திட்டும் வாங்கினான். “கிடைச்சதைத்தானே எழுதவேணும்” என்றான். அந்த வாயை வைத்திருந்தவன் பேரில் ஒரு பொய்யை அச்சடித்துச் சனத்துக்குக் கொடுப்பதா? நாளைக்குப் பௌதிகம் தெரிந்த ஒருவன் அந்தக் கல்வெட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரிப்பானே, அந்தச் சிரிப்பை யார் தாங்குவது? அவள் உண்மையைச் சொல்வதென்று முடிவெடுத்தாள்.

தகப்பனுக்கு நோகும் என்பது தெரியும். என் மகன் கண்டுபிடித்தது ஒன்றுமில்லையா என்று நோகும். அந்த நோவுக்கு வேண்டிய மருந்தெல்லாம் அவள் சேர்த்து வைத்தாள். பிழையைக் கண்டுபிடிப்பதும் கண்டுபிடிப்புத்தான், பெரிய பெரிய ஆய்வுகூடங்களிலும் இப்படி நடந்திருக்கிறது, இவ்வளவு சின்ன மின் குறைவையும் உணரக்கூடிய பெட்டியை ஒரு பொடியன் வீட்டில் வைத்துக் கட்டினானே, அது சின்னக் காரியமா, இன்னும் ஒரு கிழமை இருந்திருந்தால் அவனே கண்டிருப்பான். இதையெல்லாம் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினாள். மகள் ஏதோ நேர்த்திக்கு மந்திரம் சொல்கிறாள் என்று நினைத்து அவளுடைய அம்மா கதவைச் சாத்திவிட்டுப் போனாள். எந்த இடத்தில் காயம் வரும் என்று பார்த்துப் பார்த்துக் கட்டுப்போட்டாள் பாவி. காயம் வேறு இடத்தில் இருந்தது.

உரைநாளில் மண்டபம் நிறைந்திருந்தது. அளவெட்டிப் பிரவீணன் நாதஸ்வரத்துக்குள் காற்று எப்படி அதிர்கிறது என்று பேசினான். செய்து காட்டுகிறேன் என்று பெரியப்பாவின் நாதஸ்வரத்தை எடுத்து ஊத, அது ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தியது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையில் இருந்த பெரியப்பா மட்டும் தலையில் கையை வைத்துக்கொண்டார். சப்னா கிணற்றுத் தண்ணீரில் உப்பு ஏறுவதை மின்சாரத்தால் அளப்பது பற்றிப் பேசினாள். அவளுடைய வாப்பா ஒவ்வொரு படத்துக்கும் தலையாட்டினார்.

கனகலிங்கமும் கனகாம்பிகையும் கதவோரம், கடைசி வரிசையில் இருந்தார்கள். செத்தவீட்டுத் தீட்டுள்ள துடக்குக்காரர் முன்னுக்குப் போகக்கூடாது என்று அவர்களாகவே ஒதுங்கியிருந்தார்கள். தில்லைநாதன் சேர் போய்க் கூப்பிட்டும் வரவில்லை. மடியில் அச்சுத்தாளை மடித்து வைத்திருந்தார் கனகலிங்கம்.

மதுரா மேடையேறினாள். அவனுடைய படத்தைத் திரையில் போட்டாள். பெட்டியைப் பற்றிச் சொன்னாள், ஈயக்குண்டு உருக்கின கதையைச் சொன்னாள், சனம் சிரித்தது. மூன்று நாளைக்கு ஒருமுறை வந்த சரிவைக் காட்டினாள். மழைக் கிழமையைக் காட்டினாள். அவன் சந்திரனிலும் கடலிலும் காரணம் தேடி அலைந்ததைச் சொன்னாள். கனகலிங்கத்தின் முகத்தில் தாடிக்குள்ளால் ஒரு வெளிச்சம் வந்தது. மேடையிலிருந்தே அது அவளுக்குத் தெரிந்தது. அந்த இடத்தில் நிறுத்திவிடு என்று அவளுக்குள் சப்னாவின் குரலில் ஒருத்தி சொன்னாள்.

நிறுத்தவில்லை. லோஜன் இருந்தால் அடுத்து என்ன செய்திருப்பானோ அதைத் தான் செய்ததாகச் சொன்னாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு மோட்டர் இருக்கிறது, அது மூன்று நாளைக்கு ஒருமுறை விடியற்புறம் ஓடும், மழை நாளில் ஓடாது என்றாள். மோட்டரைப் போட்டபோது சரிந்த கோட்டைத் திரையில் காட்டினாள். பிறகு பாடமாக்கி வைத்த ஆறுதல்களை ஒன்றும் விடாமல் சொன்னாள். “லோஜன் கிடைச்சதை மாத்தாமல் எழுதுறவன். அதாலை நானும் மாத்தாமல் சொன்னன்” என்று முடித்தாள்.

கைதட்டல் நிற்க நேரமெடுத்தது. சில தாய்மார் கண்ணைத் துடைத்தார்கள். தில்லைநாதன் சேர் எழும்பி, வழக்கம்போல, “கேள்வி இருந்தாக் கேக்கலாம்” என்றார். இறந்தவனின் உரைக்கு யார் கேள்வி கேட்பார்கள்? சேர் சரி என்று திரும்பப் போனபோது, கதவோரம் ஒரு கை உயர்ந்தது. பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல, பாதி உயர்த்தின கை.

கனகலிங்கம் எழும்பி நின்றார். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“எனக்கு ஒரு விளக்கம் வேணும், பிள்ளை.”

“கேளுங்கோ ஐயா.” மகன் செய்தது வீணா என்றுதான் கேட்கப்போகிறார் என்று நினைத்து, அதற்குரிய மறுமொழியை அவள் நாக்கு நுனியில் எடுத்து வைத்தாள்.

“நான் எந்த நேரம் இறைச்சிருந்தா அவன்ரை கணக்குக் குழம்பியிராது?”

மதுரா யோசிக்கவில்லை. மேடையில் நிற்கிற மாணவிக்குக் கேள்வி வந்தால் வாய் தானாகவே சரியான மறுமொழியைச் சொல்லும். நாலு வருடம் பழக்கின பழக்கம் அது.

“அவன் பெட்டியைப் போடுறது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதானே ஐயா. பின்னேரம் எண்டா ஒண்டும் நடந்திராது.”

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னேன் என்பது அவளுக்கு விளங்கியது. கையால் வாயைப் பொத்தப் போனாள். வார்த்தை போய்ச் சேர்ந்துவிட்டது.

“பின்னேரம்” என்றார் கனகலிங்கம். கணக்கைச் சரிபார்க்கிறவர்போல இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார். “பின்னேரம் இறைச்சாலும் வெங்காயத்துக்குக் காணும், போதும். எனக்கு ரண்டும் ஒண்டுதான். விடியப்புறம் வெயில் இல்லையெண்டு போடுறனான், வேறை ஒண்டுக்கும் இல்லை.”

“ஐயா, உங்களிலை ஒரு பிழையும் இல்லை, அது...”

அவர் அதைக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த மனைவியைக் குனிந்து பார்த்தார். “உன்னட்டையெண்டாலும் அவன் ஏதும் சொன்னவனோ? மோட்டரைப் பற்றி?”

கனகாம்பிகை இல்லை என்று தலையை ஆட்டினாள். இவ்வளவு காலமும் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்து திரிந்தவளிடம் கொடுத்தனுப்ப, இந்த ஒரு செய்தியை ஒருத்தரும் தரவில்லை. அவள் அவருடைய வேட்டியைப் பிடித்து இருங்கோ என்று இழுத்தாள். அவர் உட்காரவில்லை. தில்லைநாதன் சேர் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, துடைக்க மறந்து நின்றார்.

“அவனுக்குத் தெரியாது ஐயா” என்றாள் மதுரா. “மோட்டராலைதான் எண்டு அவனுக்கே தெரியாது. தெரிஞ்சிருந்தாச் சொல்லியிருப்பான்.”

“ஓம், தெரிஞ்சிராது” என்றார். “நான் விடிய எழும்பி என்ன செய்யிறன் எண்டு அவனுக்குத் தெரியாது. அவன் அறைக்குள்ளை இருந்து என்ன செய்யிறான் எண்டு எனக்குத் தெரியாது.”

மடியிலிருந்து விழுந்த அச்சுத்தாள் காலடியில் கிடந்தது. அதை அவர் குனிந்து எடுக்கவில்லை. திரையில் சரிந்து சரிந்து நிமிர்கிற அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஒரு சொல்லுக் காணும், பிள்ளை. தாயிட்டைச் சொல்லிவிட்டிருந்தாலே காணும். நான் பின்னேரம் இறைச்சிருப்பன்.”